தொழுவத்துத் தூசியும் கோழி எச்சமும்

மாடும் கோழியும் வளர்க்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இரண்டு விதமான அறிவுரை வரும். "மண்ணுலயும் சாணியிலயும் புரண்டாத்தான் பிள்ளைக்குத் தெம்பு" என்பார் ஒருவர். "கிட்டயே விடாதீங்க, எல்லாம் கிருமி" என்பார் இன்னொருவர். ஆய்வுகளைப் புரட்டினால் இரண்டு பேச்சுக்குமே சான்று கிடைக்கிறது. குழப்பம் தீர, குழந்தையின் மூக்கு வழியாகப் போவது எது, வாய் வழியாகப் போவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மூக்கு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள் உண்டு. இருவரின் முன்னோரும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். இருவருமே விவசாயிகள். சாப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான், வீடு நிறையக் குழந்தைகள், தாய்ப்பால் நீண்ட நாள் கொடுக்கும் வழக்கம் எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் 5 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா என்றால், ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதத்தினருக்கு இருந்தது.

வேறுபாடு தொழுவத்தில் இருந்தது. ஆமிஷ் குடும்பம் ஒவ்வொன்றும் தன் வீட்டை ஒட்டியே பால் மாடுகளையும் ஏர் இழுக்கும் குதிரைகளையும் வைத்துக்கொள்கிறது. நடை பழகும் பிள்ளையும் அம்மா பின்னாலேயே தொழுவத்துக்குப் போய்விடும். ஹட்டரைட்டுகள் நடத்துவது பெரிய, இயந்திரமயமான கூட்டுப்பண்ணை. சின்னக் குழந்தைகளுக்கு அங்கே வேலையில்லை. 2016-ல் வெளியான ஆய்வில், இரு தரப்பு வீடுகளின் தூசியையும் சேகரித்துப் பார்த்தார்கள். பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற பொருள், ஆமிஷ் வீட்டுத் தூசியில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகம். அப்புறம் அந்தத் தூசிச் சாற்றை எலிகளின் மூக்கில் விட்டு, முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் ஆஸ்துமாவைத் தூண்டிப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளின் மூச்சுக்குழாய் பெரிதாக இறுகவில்லை. ஹட்டரைட் தூசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வெறும் தூசி எப்படி இதைச் செய்கிறது? மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் எண்டோடாக்சினைக் கண்டதும் "கிருமி வந்திருக்கிறது" என்று எச்சரிக்கைச் சமிக்ஞை அனுப்பும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது வந்துகொண்டே இருந்தால், செல்கள் அந்தச் சமிக்ஞையை அடக்கும் ஏ20 என்ற நொதியை அதிகம் உருவாக்கத் தொடங்குகின்றன. பிறகு தூசிப்பூச்சியின் துகளோ வேறொன்றோ வந்தாலும் நோயெதிர்ப்பு மண்டலம் பதறுவதில்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு 2015-ல் இதை எலிகளில் காட்டியது. மூச்சுக்குழாய்ச் செல்களில் ஏ20-ஐ நீக்கியதும் பண்ணைத் தூசி தந்த பாதுகாப்பும் போய்விட்டது.

இதில் வயது முக்கியம். ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு இது: முதல் வயதுக்குள்ளேயே தொழுவமும் பண்ணைப் பாலும் பழகிய குழந்தைகளில் 1 சதவீதத்தினருக்கே ஆஸ்துமா, ஒரு வயதுக்குப் பிறகு பழகியவர்களில் 11 சதவீதம். அளவும் முக்கியம். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இதே தூசி இழுப்பைக் கூட்டும். ஆயிரக்கணக்கில் பிராய்லர் அடைத்த கொட்டகையின் அமோனியா நெடிக்குள் குழந்தையைத் தூக்கிப் போவதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமே கிடையாது.

இனி வாய். கோழியின் குடலில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் கோழிக்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும். பார்க்கத் திடமாக இருக்கும் குஞ்சின் இறகிலும் காலிலும் அவை ஒட்டியிருக்கும். மாட்டின் கதையும் இதுதான். மாட்டின் குடலில் வாழும் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா வகையின் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடம் மாட்டின் ரத்தக் குழாய்களில் இல்லை. மனிதச் சிறுநீரகத்தில் இருக்கிறது. அதனால் கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டிருக்க, அதைத் தடவிய கையை வாயில் வைத்த மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே இந்த ஆபத்து மிக அதிகம்.

வயிற்றுப்போக்கு வந்தால் நமக்குத் தெரியும். தெரியாமல் நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பெருவின் லிமா நகர்ப்புறக் குடிசைப் பகுதியிலும், பின்னர் ஜிம்பாப்வே கிராமங்களிலும் ஆய்வாளர்கள் தவழும் குழந்தைகளின் அருகில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் குறித்தார்கள். முற்றத்து மண்ணைப் பிடி பிடியாகத் தின்ற குழந்தைகள் இருந்தார்கள். கோழி எச்சத்தையே எடுத்துத் தின்ற குழந்தைகளும் இருந்தார்கள். தரையில் கிடப்பதை வாயில் வைத்துப் பார்ப்பது அந்த வயதின் இயல்பு. ஆனால் இது நாள்தோறும் நடந்தால், சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மெல்ல மெல்லத் தட்டையாகின்றன. குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. உடல் ஓயாமல் அந்த அழற்சியோடு போராடுவதால் வளர்ச்சிக்கான ஹார்மோனும் குறைகிறது. பிள்ளை சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, ஆனால் உயரம் ஏறவில்லை. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் செய்துகொடுத்த பெரிய சோதனைகளில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. முற்றத்தில் கிடந்த கால்நடைக் கழிவு அப்படியே இருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் கோழியே வேண்டாமா? எத்தியோப்பியாவில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வை இங்கே எல்லாரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோழி வளர்க்கும் வீடுகளில் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் ஒரு படி மேலேயே இருந்தார்கள். ஆனால் இரவில் கோழிகளை வீட்டுக்குள் அடைத்த குடும்பங்களில் அந்த நன்மை பெரும்பாலும் காணாமல் போனது. திருட்டுக்கும் நரிக்கும் பயந்து பக்கத்தில் படுக்கவைத்த கோழி, குழந்தை காலையில் தவழப்போகும் தரையிலேயே இரவெல்லாம் எச்சமிடுகிறது.

ஆகவே, இரவுக் கூண்டு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கீரி, நாய் புகாதபடி கம்பிவலை போட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டினால் போதும். தவழும் பருவத்தில் பிள்ளைக்குக் கோழி ஏறாத ஓர் இடம் வேண்டும்: உயரமான திண்ணை, பாய் விரித்துத் தடுப்பு வைத்த மூலை, எதுவானாலும் சரி. தொழுவத்துக்குப் போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும். பால் கறக்கும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதில் தப்பில்லை. பாலைக் காய்ச்சாமல் கொடுப்பதில்தான் தப்பு. பண்ணைப் பாலுக்கும் ஆஸ்துமா குறைவதற்கும் தொடர்பு கண்ட ஆய்வாளர்களே பச்சைப் பாலைப் பரிந்துரைப்பதில்லை, காசநோயும் புரூசெல்லா என்ற காய்ச்சல் கிருமியும் அதில் வரும். ஐந்து வயதுவரை குஞ்சைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சவிட வேண்டாம், தள்ளி நின்று பார்க்கட்டும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாணியும் மண்ணும் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அறுத்துச் சமைக்க வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.