குரல் காதருகே, கூடம் தொலைவில்

சுயாதீனப் பாடகி ஒருவரின் ஆல்பத்தை இரவில் ஹெட்போனில் கேட்டவர்கள், "பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கு, ஆனா பெரிய வீட்டுல தனியா நிக்கிற மாதிரியும் இருக்கு" என்பார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. உருக்கமான ஆல்பங்கள் பலவற்றில் இரண்டு தூரங்கள் ஒரே சமயத்தில் கேட்கின்றன. முதலாவதை மைக் தருகிறது. இரண்டாவதைப் பெரிய கூடம் தருகிறது; செட்டிநாட்டு வீடு அதைத் தன் சுவரிலும் தரையிலும் வைத்திருக்கிறது.

முதலில் அருகாமை. மைக்குக்கும் வாய்க்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர். ஒருதிசை மைக் தன் முன்னும் பின்னும் வந்து சேரும் காற்றழுத்தத்தின் வேறுபாட்டைப் பதிகிறது. வாய் நெருங்க நெருங்க, தாழ்ந்த அதிர்வெண்களில் அந்த வேறுபாடு பெருகிக் குரல் கனக்கும். மெல்லப் பாடும்போது குரல் நாண்கள் முழுவதும் மூடாமல் காற்று கசிகிறது; அந்த மூச்சொலி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கக்கூடியது. தொட்டிலுக்குள் கிடந்து தாலாட்டுக் கேட்ட காதுக்கு இது பழக்கமான தூரம். 5 சென்டிமீட்டருக்குள் போனால் 'ப' எழுத்து வெடிக்கும், கனம் மந்தமாகிவிடும். நடுவே ஒரு வலைத்திரை வைத்தால் வெடிப்பு அடங்கும்.

இனி கூடம். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல், சலவைக்கல்: இவை மேலே பட்ட ஒலியில் நூற்றுக்குச் சில பங்கை மட்டுமே விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். ஹார்வர்டில் 1895-ல் ஆராய்ச்சியைத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி அளந்து இதன் கணக்கைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் (பரப்பை அது உறிஞ்சும் பங்கால் பெருக்கியது) வகுக்க வேண்டும். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கல்யாணக் கொட்டகை, அதாவது வீட்டின் விசேஷக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 360 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 324 சதுர மீட்டர். சராசரியாக நூற்றுக்கு 4 பங்கு உறிஞ்சினால் உறிஞ்சுபரப்பு 13 சதுர மீட்டர். எதிர்முழக்கம் ஏறக்குறைய 4.5 விநாடி. அங்கே 30 பேரை உட்கார வைத்தால் உடுப்பும் உடம்புமாக அந்தப் பரப்பு இரட்டிப்பாகி, நேரம் 2.2 விநாடிக்கு இறங்கிவிடும். விசேஷ நாளில் பாட்டு ஒரு மாதிரியும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் வேறு மாதிரியும் கேட்பது இதனால்தான்.

வளவின், அதாவது வீட்டு நடுக்கட்டின், திறந்த முற்றத்தில் மைக் வைப்பது நல்ல யோசனை போலத் தோன்றும், அது தவறு. திறந்த வானம் நூற்றுக்கு நூறு விழுங்கும். தூண்களிலிருந்து சில எதிரொலிகள் வரும், நீண்டு தேயும் முழக்கமான கார்வை வராது. மூடிய கூடமே வேண்டும்.

எவ்வளவு நேரம் முழங்குகிறது என்பதைவிட, முதல் எதிரொலி எப்போது வருகிறது என்பது முக்கியம். சுவர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்ப 29 மில்லிவிநாடி. சொல் தெளிவாகக் காதில் விழுந்த பிறகு கூடம் பேசத் தொடங்கும். சுவரை ஒட்டி நின்றால் எதிரொலி சொல்லோடு கலந்து, குழாய்க்குள் பாடியதுபோல் ஆகும். எதிரெதிரே வெறும் சுவர் உள்ள குறுகிய நடையில் கை தட்டினால் 'டர்ர்ர்' என்று அதிரும்; ஒரு பக்கம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் நிற்கும்.

பதிவுக்கு இரண்டு மைக் போதும். ஒன்று வாயருகே, மற்றது 5, 6 மீட்டர் தள்ளி, பாடகியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. தொலைவு மைக்கை 15 டெசிபல் குறைத்துக் கலக்கத் தொடங்கி, காதை நம்பி ஏற்றலாம். மின்விசிறிகளை நிறுத்துங்கள், கார்வையின் கடைசி நூல் அந்த இரைச்சலில் முதலில் மூழ்கும். கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இழப்பதும் இதே நூலைத்தான். ஒரே நாள்தான் வீடு கிடைக்கும் என்றால், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் ஒலியை 15 விநாடி ஒலிக்கவிட்டுக் கூடத்தின் பதிலைப் பதிந்துகொள்ளலாம். பிறகு எந்தக் குரலையும் கணினியில் அந்தக் கூடத்துக்குள் நிறுத்தலாம். பலூன் உடைத்தும் செய்வார்கள், ஆனால் அதில் தாழ்ந்த ஒலிகள் மெலிந்திருக்கும்.

4 விநாடிக் கார்வையில், பாடிய சுரம் அடங்கும் முன்பே அடுத்த சுரம் வந்து அதன்மேல் உட்காரும். பக்கவாத்தியம் இல்லாத பாட்டுக்கும் அடியில் ஒரு சுருதிப் படலம் விரிவது இப்படித்தான். மோகன ராகத்தில் எந்த இரண்டு சுரங்களும் அரைச்சுர இடைவெளியில் இல்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இதமாகப் படியும். தோடியில் ஸ–ரி, ப–த அரைச்சுரத்தில் நெருங்குவதால் உரசும். அந்த உரசல் வேண்டுமென்றால் மெதுவான காலத்தில் பாட வேண்டும். வேகமாகப் பாடினால் குழம்பிவிடும்.

தங்களுக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்டவர்களின் மூளையை ஆராய்ந்த கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, உச்சம் வரும் முன்னரே, எதிர்பார்ப்பின்போதே இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை 2011-ல் காட்டியது. ஒரு வரி முடிந்து, கார்வை தேய்ந்து, அடுத்த வரி இன்னும் வராத அந்த இடைவெளி எங்கள் காதுக்கு அப்படிப்பட்ட எதிர்பார்ப்பாகவே படுகிறது. அதைக் கத்தரிக்காதீர்கள். கடைசி வரி பாடி முடித்ததும் பாடகி அசையாமல் நிற்கட்டும். பதிவு இன்னும் 10 விநாடி ஓடட்டும்.