கூரை ஒழுகுவதைப் பார்த்தவர் யார்?

பதினேழு வயதில் படித்த நாவல் ஒன்றைப் போன மாதம் பரணிலிருந்து இறக்கினேன். மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் பென்சில் கோடு. நான் போட்டதுதான். அதற்கு நாலு வரி தள்ளி, உலையில் போட அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியை அம்மா திரும்பப் பானையில் கொட்டுகிறாள். அப்படியொரு வரி இந்தப் புத்தகத்திலேயே கிடையாது என்று சத்தியம் செய்திருப்பேன்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிச்சர்ட், ஆண்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977-ல் ஒரு சின்னக் கதையை வைத்துச் சோதனை செய்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள், ஒருவனுடைய வீட்டுக்குள் சுற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. போகிற போக்கில் கூரை ஒழுகுவதும், அப்பா சேர்த்துவைத்த நாணயங்களும், கலர் டிவியும், வியாழக்கிழமை அம்மா வீட்டில் இருக்கமாட்டார் என்பதும் வந்துபோகும். சிலரைத் திருடனாக நினைத்துப் படிக்கச் சொன்னார்கள். சிலரை வீடு வாங்க வந்தவராக. திருடர்களுக்கு நாணயமும் வியாழக்கிழமையும் நினைவிருந்தன. வாங்க வந்தவர்களுக்கு ஒழுகும் கூரை.

இதைவிட ருசியானது அடுத்த ஆண்டு வந்த சோதனை. நினைவிருந்ததை எல்லாம் எழுதி முடித்தவர்களிடம், “இப்போது நீங்கள் திருடன் இல்லை, வீடு வாங்க வந்தவர், மறுபடி எழுதுங்கள்” என்றார்கள். கதையைத் திரும்பக் காட்டவில்லை. ஆனாலும் முதலில் எழுதாத விவரங்கள் சில வந்து விழுந்தன. அதாவது, நாம் யாராக உட்கார்ந்திருக்கிறோம் என்பது படிக்கும்போதும் வேலை செய்கிறது, நினைவிலிருந்து எடுக்கும்போதும் வேலை செய்கிறது.

அங்கே இடைவெளி சில நிமிடங்கள்தான். முப்பது வருடம் கழித்துத் துழாவினால் என்ன அகப்படும்? கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர்கள், நாள் கடந்து திருப்பிச் சொன்னபோது அதைத் தங்கள் ஊர்க் கதையாக்கிவிட்டார்கள். ‘கேனோ’ என்ற அவர்களுடைய ஒடுங்கிய தோணி வெறும் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. புரியாத பேய்கள் கழன்றுபோயின. என் மண்டைக்குள் இருந்த நாவலும் இப்படி நானே திருத்தி எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். கைப்பிடி அரிசியைத் திரும்பப் பெற, அச்சடித்த பக்கத்துக்கே போனால்தான் உண்டு.

(பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முன்னால் நின்றார்கள்.)

என் நாவலில் இன்னும் அறுபது பக்கம் பாக்கி. திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து, செத்துப்போனவர்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.