கூரை சோலார் கொட்டேஷனில் பேனலுக்கு முன் தேதியைப் பாருங்கள்

ஆலைக் கூரைக்கு சோலார் விலை கேட்டால், போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். தேய்மானச் சலுகை (சாதனத்தின் விலையில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் லாபத்திலிருந்து கழித்து வரியைக் குறைப்பது), ஜிஎஸ்டி, மின் வாரியத்துக்குப் போகும் யூனிட்டின் விலை எல்லாம் அதற்குள் அடக்கம். இவை அடிக்கடி மாறுபவை. பெரும்பாலும் கையெழுத்திட்ட நாளில் இருந்த விதி செல்லாது. நிலையம் இயங்கத் தொடங்கிய நாளின் விதிதான் செல்லும்.

தேய்மானத்தை எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரலுக்கு முன் 80 சதவீதமாக இருந்தது, இன்று 40. ஒரு கோடி ரூபாய் நிலையத்துக்கு முதலாண்டில் 40 லட்சம் கழிக்கலாம், 25.17 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்குச் சுமார் 10 லட்சம் மிச்சம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அக்டோபர் 3-ஐத் தாண்டினால் பாதிதான். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும், வட்டி நம் தலையில். பேனல் ஆகஸ்டிலேயே கூரை ஏறியிருக்கும். மின் ஆய்வாளரின் ஒப்புதலுக்கும் மீட்டர் மாற்றத்துக்கும் காத்திருப்பதில்தான் தேதி தவறுகிறது. பேனலை மாட்டியதைப் பயன்பாடு என்று ஆடிட்டர் ஏற்கமாட்டார், இயக்கச் சான்றிதழும் உற்பத்தி ரீடிங்கும் கேட்பார். லாபமே இல்லாத ஆண்டில் இந்தச் சலுகையால் உடனடிப் பலன் இல்லை. வேறொருவர் முதலீட்டில் போட்டு யூனிட் கணக்கில் விற்கும் திட்டமானால் தேய்மானம் அவருக்குத்தான். அதைச் சொல்லியே யூனிட் விலையைப் பேரம் பேசலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது. நிறுவும் வேலையோடு சேர்ந்த ஒப்பந்தத்தில் 30 சதவீதம் சேவையாகக் கணக்காகி 18 சதவீத வரி வருவதால் மொத்தச் சுமை 13.8-லிருந்து 8.9 ஆனது. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும்) நூற்பாலைக்கு இதில் பெரிய லாபம் இல்லை, முடங்கும் பணம் குறையும், அவ்வளவே. வரவு எடுக்க முடியாத மருத்துவமனைக்கும் பள்ளிக்கும்தான் உண்மையான லாபம். பிரதமர் சூரியவீடு மானியம் வீடுகளுக்கு மட்டும். கடைக்கும் ஆலைக்கும் கிடையாது.

பேனல் வாங்கும்போது மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் கம்பெனிப் பெயரோடு மாடல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பர் ஆணைப்படி 2026 ஜூன் 1 முதல் பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்களும் (மின்சாரம் தரும் சில்லுகள்) பட்டியலில் இருந்தாக வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இதை எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் ஆணைக்குப் பின் தொழிற்சாலைகளுக்கு நெட் மீட்டரிங் (வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிக்கும் முறை) இல்லை. மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கு வாங்கும் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும்; ஞாயிறு விடுமுறை விடும் ஆலையில் அன்றைய உற்பத்தி முழுக்க அந்த விலைக்குப் போகும். ஆகவே கூரையின் பரப்பை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். மீட்டரின் 15 நிமிட லோடு பதிவை எடுத்து, பகல் லோடுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். சொந்தமாகப் பயன்படுத்தும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் (மின் வாரியத்தின் கம்பிகளுக்கான கட்டணம்) வருமா என்று விசாரித்துக் கணக்கில் சேருங்கள்.

சலுகை எதுவானாலும் உறுதியாக நிற்பது இந்தச் சொந்தப் பயன்பாடுதான். அதையும் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) கெடுத்துவிடும். 400 கிலோவாட் லோடு, 130 கேவிஏஆர் (மோட்டார் போன்றவை இழுக்கும், வேலை செய்யாத மின்திறனின் அளவு) என்றால் பவர் ஃபேக்டர் 0.95. சோலார் 250 கிலோவாட் தரத் தொடங்கியதும் வாரியத்திலிருந்து எடுப்பது 150 ஆகக் குறையும், கேவிஏஆர் அப்படியே நிற்கும்; பவர் ஃபேக்டர் 0.76-க்குச் சரியும். உயர் அழுத்த இணைப்பில் மாதச் சராசரி 0.90-க்குக் கீழே போனால் அபராதம். கேவிஏஆரை ஈடுகட்டும் கெபாசிட்டர் பேனலின் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), வாரிய மீட்டர் பார்க்கும் அதே மின்னோட்டத்தைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தேவைப்பட்டால் சோலார் இன்வெர்ட்டரையே கேவிஏஆர் தரும்படி அமைக்கலாம். பில்லில் இப்படி ஓட்டை விழுவதைக் கொட்டேஷன் ஒருபோதும் சொல்லாது.

கூரை போதாமல் குழு கேப்டிவில் (பல ஆலைகள் சேர்ந்து பங்கு போட்டு, வேறிடத்தில் உள்ள நிலையத்தின் மின்சாரத்தைப் பயன்படுத்தும் முறை) பங்கு வாங்குவோருக்கு இன்னொரு தேதி உண்டு. பயனாளர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்த வேண்டும். தவறினால் அந்த ஆண்டு முழுவதற்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வாரியத்தை விட்டு வேறிடத்தில் மின்சாரம் வாங்குவோரிடம் வசூலிப்பது) விழும். மார்ச் 31-க்குப் பின் கணக்குப் பார்த்துப் பயனில்லை. டிசம்பரிலேயே யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள், சரிசெய்ய மூன்று மாதம் கிடைக்கும்.