கசிந்தது பெட்ரோல், அளப்பது இரும்பா?

பெட்ரோல் பங்க் தொட்டி கசிந்த ஓர் இடத்தின் தண்ணீர்ச் சோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: பென்சீனை அளக்கிறார்கள், சரி, கூடவே ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட், மீத்தேன் என்று வரிசையாக அளந்திருக்கிறார்களே, பெட்ரோலில் ஏது இரும்பு? நல்ல கேள்வி. பெட்ரோலில் இரும்பு கிடையாது. அது அந்த மண்ணிலேயே இருந்தது, அதைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டவை பாக்டீரியாக்கள்.

முதலில் கசிவைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மண்ணில் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் தேங்கும். அதை உறிஞ்சி எடுக்கலாம், ஓரளவுக்கு. மண் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டது வராது. அதிலிருந்து பென்சீன், டொலுவீன், சைலீன் எல்லாம் ஆண்டுக்கணக்கில் கரைந்து, நீர் நகரும் திசையில் வால் போல நீளும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது, ஆகவே 'வாடை இல்லை, தண்ணீர் நல்லதுதான்' என்று நம்புவது ஆபத்து.

இந்த வாலைத் தேடித்தான் கண்காணிப்புக் கிணறுகள் போடுகிறார்கள். கிணறு என்றால் ஒரு சிறிய குழாய், அவ்வளவுதான். நீர் நகரும் திசை தெரியக் குறைந்தது மூன்று வேண்டும், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுக்க நீருக்குள் போய்விட்டால் மேலே மிதக்கும் பெட்ரோல் உள்ளே வரவே வராது. மாதிரிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது, பென்சீன் அதற்குள் தப்பிவிடும்.

அப்புறம்தான் சிக்கலே. ஒரு கிணற்றில் பென்சீன் போன வருடம் 400, இந்த வருடம் 90 என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் கலந்து நீர்த்துப் போயிருக்கலாம், வால் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம், பாக்டீரியா தின்றிருக்கலாம். தின்றிருந்தால் மட்டுமே பென்சீன் உண்மையில் ஒழிந்தது. எது நடந்தது என்று பென்சீன் அளவு சொல்லாது. பாக்டீரியா விட்ட மூச்சு சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எந்த உயிரும் உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கினால் அவற்றை எதனிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம், அதற்காகத்தான் மூச்சு விடுகிறோம். மண்ணுக்குள்ளும் ஆக்சிஜன்தான் முதலில், அதில்தான் ஆற்றல் அதிகம் கிடைக்கும். ஆனால் ஒரு மில்லிகிராம் பென்சீனை முழுதாகத் தின்ன ஏறக்குறைய 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், நிலத்தடி நீரில் லிட்டருக்கு 8 இருந்தாலே பெரிது. மூன்று மில்லிகிராம் பென்சீனைக்கூடத் தின்று முடிப்பதற்குள் ஆக்சிஜன் காலி. அதோடு நின்றுவிடாமல், வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. அதுவும் தீர்ந்தால் மணல் துகள்மேல் படிந்திருக்கும் துரு! திடமான துருவிடம் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன, துருவில் இருந்த இரும்பு வடிவம் மாறி நீரில் கரைகிறது. ஒரு மில்லிகிராம் பென்சீனுக்கு 21 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. வாசகர் பார்த்த இரும்பு இதுதான். அடுத்தது சல்ஃபேட், அது சல்ஃபைடாக மாறி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கடைசிக் கட்டத்தில் மீத்தேன் வரும்.

இந்த வரிசை நிலத்தில் அப்படியே விரிந்து கிடக்கும் என்பதுதான் அழகு. கசிந்த இடத்தில் மீத்தேன், வெளியே வர வர சல்ஃபேட் குறைந்த நீர், இரும்பு நிறைந்த நீர், நைட்ரேட் இல்லாத நீர், ஓரத்தில் ஆக்சிஜன் மீண்டும் தலைகாட்டும் நீர். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பாக்டீரியாக்கள் அதைத்தான் முதலில் தின்னும், ஆக்சிஜன் அதற்கே செலவாகிவிடும், பென்சீன் வால் இன்னும் நீளும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெமிட்ஜி அருகே 1979-இல் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1983-இலிருந்து அங்கே பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்திருக்கிறது. மண்ணில் இருக்கும் இரும்பும் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும், தீரத் தீர வால் மறுபடி நகரும் என்பது அப்படித்தான் தெரிந்தது. மூன்று வருட நிதியில் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அதே கிணறு, அதே அளவீடு என்று வருடக்கணக்கில் செய்யும் வேலைக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சாக்கடை கலந்தாலும் இரும்பு கரையுமே என்று கேட்கலாம், சரியான சந்தேகம். அதற்குக் கார்பன் ஐசோடோப்பு இருக்கிறது, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்கள்: லேசானது கார்பன்-12, சற்றுக் கனமானது கார்பன்-13. பாக்டீரியா கார்பன்-12 உள்ள பிணைப்பைக் கொஞ்சம் வேகமாக உடைக்கும், ஆகவே மிச்சமிருக்கும் பென்சீனில் கார்பன்-13 பங்கு ஏறிக்கொண்டே போகும். வெறுமனே மழைநீர் கலந்தால் அந்த விகிதம் அசையாது. வாசகர் தன் அறிக்கையில், கசிவுக்கு மேல்பக்கம், அதாவது நீர் வரும் திசையில், இருக்கும் கிணற்றின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். அங்கே இருந்து இங்கே காணாமல் போன சல்ஃபேட் எவ்வளவு என்று கழித்துப் பார்த்து, 4.6-ஆல் வகுத்தால், சல்ஃபேட்டைக் கொண்டு மட்டும் ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு பென்சீனைத் தின்ன முடிந்திருக்கும் என்று கிடைத்துவிடும்.