படக்கதை என்றால் இரண்டு கையெழுத்து

தர்மபுரியில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்கு வருபவை பெரும்பாலும் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். ஆனால் ஒகேனக்கலிலும் கிருஷ்ணகிரி அணைப் பக்கமும் படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது ஒப்பந்தத் தாளோடு வருகிறார்கள். அண்மையில் வந்தவர்களுக்கு, பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஒரு படக்கதைப் புத்தகத்தை நடிகர்களை வைத்துக் குடும்ப நகைச்சுவைப் படமாக எடுக்க ஆசை. எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஓவியரிடம்? "ஓவியத்தைக் காட்டப்போவதே இல்லையே சார், கதையைத்தானே எடுக்கிறோம்" என்றார்கள்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரே வரி: பாட்டிக்குக் கோபமே வரவில்லை. எதிர்ப்பக்கத்தில், புடவையை இழுத்துச் செருகிய பாட்டி துடைப்பத்தோடு புளியமரம் ஏறிக்கொண்டிருக்கிறார். உச்சிக் கிளையில் ஆடு, அதன் கொம்பில் பாட்டியின் மூக்குக் கண்ணாடி. எழுத்தில் மரமும் இல்லை, துடைப்பமும் இல்லை. எழுத்து சொல்லும் பொய்யைப் படம் போட்டு உடைப்பதால்தான் பிள்ளை சிரிக்கிறது. இவர்களின் திரைக்கதையில் மரம், துடைப்பம், கண்ணாடி மூன்றும் முதல் காட்சியிலேயே இருந்தன!

ஆடு மரமேறியது என்ற வெறும் கருத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்த ஆட்டையும் பாட்டியையும் வரைந்த தோற்றத்திலேயே உடையும் ஒப்பனையும் போட்டு நிறுத்தினால் கதை வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 14, தட்டையான ஓவியத்தை முப்பரிமாண வடிவில் காட்டும் உரிமையையும், அதைத் திரைப்படத்தில் சேர்க்கும் உரிமையையும் ஓவியத்தின் உரிமையாளருக்கே தருகிறது. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியிடம் மட்டும் கையெழுத்து வாங்கி முழு நிலத்தையும் கிரயம் செய்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

அமெரிக்காவின் குழந்தைப் புத்தக ஆசிரியர் டாக்டர் சூஸ்; எழுதியதும் அவரே, வரைந்ததும் அவரே. அவருடைய தொப்பிப் பூனைக் கதை (The Cat in the Hat) 2003-இல் நடிகர்களை வைத்துப் படமானது. அவர் மறைவுக்குப் பின் உரிமைகளைக் கவனித்துவந்த மனைவி ஆட்ரி கைசலுக்கு அது பிடிக்கவில்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் படங்களுக்கு இனி அனுமதியில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். நம் ஊரில் அப்படிக் கதவைச் சாத்தக்கூடியவர்கள் பெரும்பாலும் இருவர்.

நாட்டுப்புறக் கதைதானே என்றும் சிலர் வாதாடுவார்கள். கதை பொதுச்சொத்தாக இருக்கலாம். அதற்கு வரைந்த படங்களின் உரிமை, வரைந்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். பதிப்பகம் சம்மதித்துவிட்டது என்பதும் போதாது. பல பதிப்பகங்களிடம் இருப்பது அச்சிடும் உரிமை மட்டுமே. மூல ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிக்காமல் விட்டால் பிரிவு 19-இன்படி உரிமை 5 ஆண்டுகளுக்கு மட்டும். எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு விதமாக எழுதாத வரை, 1 ஆண்டுக்குள் பயன்படுத்தாத உரிமையும் காலாவதியாகிவிடும். தயாரிப்பாளரைத் தேடியே ஓராண்டு ஓடிவிடுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஓவியர் ஓசூரில்தான் இருந்தார். சம்மதித்தார், எழுத்தாளர் பெயருக்கு இணையான அளவில் தன் பெயரும் திரையில் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நியாயமான நிபந்தனை, அப்படியே எழுதிச் சேர்த்தோம்.

குழந்தை நடிகர்களைப் பற்றிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஆட்டை நடிக்க வைக்கவும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அதைச் சொன்னபோதுதான் இளைஞர்களின் முகம் வாடியது.