டைட்ரேஷன்: வெள்ளியின் மாற்றும் கிணற்றின் உப்பும்

தங்கத்துக்கு நாம் 'மாற்று' என்று எதைச் சொல்கிறோமோ, கிட்டத்தட்ட அதற்குத்தான் பிரெஞ்சில் 'தீத்ர்' என்று பெயர். நாணயத்தில் அசல் வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்ற கணக்கு அது. அளவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, இன்னொரு கரைசலில் உள்ள பொருளின் அளவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் அந்தச் சொல்லில் பிறந்தது. நம் பாடநூல்களின் 'தரம் பார்த்தல்' நல்ல மொழிபெயர்ப்பு. லேப்பில்தான் யாரும் சொல்வதில்லை.

வெள்ளியை உலையில் புடமிட்டுச் சோதித்தபோது கொஞ்சம் வெள்ளி வீணாகி, மாற்று குறைவாகக் காட்டியது. 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளவு தெரிந்த உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டார். வெள்ளையாகக் கலங்கிப் படியும். மேலும் விட்டாலும் கலங்காத நிலையில் நிறுத்தி, செலவான உப்பிலிருந்து வெள்ளியைக் கணக்கிட்டார்.

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் நமக்குத் தேவை இதன் தலைகீழ். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை வெள்ளியைக் கொண்டு அளக்கிறோம். (தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சுக்குப் பொருத்தமான சோதனைதான்.) 1856இல் ஜெர்மன் வேதியியலாளர் மோர் தந்த முறை இது.

50 மி.லி. கிணற்று நீரில் 5% பொட்டாசியம் குரோமேட் கரைசல் 1 மி.லி. சேர்த்தால் மஞ்சளாகும். பியூரெட்டில் (அளவுக் கோடிட்ட, அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாய்) 0.0141 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) சில்வர் நைட்ரேட். வெள்ளி முதலில் உப்பிலுள்ள குளோரைடைத்தான் பிடிக்கும், ஏனென்றால் சில்வர் குளோரைடு கரைதிறன் குறைந்தது. குளோரைடு தீர்ந்த பிறகே குரோமேட்டுடன் சேர்ந்து செங்கல் நிறம் காட்டும். நன்றாகக் குலுக்கிய பிறகும் லேசான செம்மை மறையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடர் சிவப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும்.

இந்தக் கரைசலின் 1 மி.லி., 0.5 மி.கி. குளோரைடுக்குச் சமம். 28.2 மி.லி. செலவாகி, காய்ச்சி வடித்த நீரில் செய்த வெற்றுச் சோதனைக்கு 0.2 போனால், மீதி 28. அதாவது 50 மி.லி.யில் 14 மி.கி., லிட்டருக்கு 280 மி.கி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு 250. வேறு நீரே இல்லாத இடத்தில் 1000 வரை போகலாம்.

பெரும்பாலும் கெடுப்பது பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு. 7க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலமானால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி, செந்நிறம் தாமதமாகும். காரம் மிகுந்தால் வெள்ளி ஆக்சைடாகப் படிந்து வீணாகும். அழுகிய முட்டை நாற்றமுள்ள போர் தண்ணீரில் சல்பைடும் வெள்ளியைத் தின்னும். முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடால் அதை நீக்க வேண்டும். குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசி அப்படியே வைத்தால் அந்த உப்பும் கணக்கில் ஏறும்.

கடல்நீரையே சோதிப்பதானால் 100 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். லிட்டருக்கு சுமார் 19,000 மி.கி. குளோரைடு அதில் உண்டு. சில்வர் நைட்ரேட்டைப் பழுப்பு பாட்டிலில் வையுங்கள், கையில் பட்டால் கறுக்கும். குரோமேட் நஞ்சு, கழிவைச் சிங்க்கில் ஊற்றாமல் தனி கேனில் சேர்க்க வேண்டும்.