அம்மா அண்ணாந்து பார்க்கும் டிவி

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், சாயங்காலம் ஏழு மணியானால் அம்மா தரையில் உட்கார்ந்து உள்ளி உரிக்க ஆரம்பிப்பாள். முதுகு சுவரில் சாய்ந்திருக்கும், எதிர்ச் சுவரில் 43 அங்குல டிவி ஓடும். போன வருடம் ஒரு நாள் தற்செயலாக அவள் முகத்தைக் கவனித்தேன். மோவாய் தூக்கி, வாய் லேசாகத் திறந்திருந்தது. விளம்பரம் வந்தால் குனிந்து நாலு உள்ளி உரிப்பாள். சீரியல் திரும்பியதும் மறுபடி அண்ணாந்துவிடுவாள். ராத்திரி படுக்கப் போகும்போது பிடரியில் தைலம் தேய்க்கச் சொல்வாள். "காத்து பட்டிருக்கும் மக்களே" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவில் இருக்கும் தங்கை வீடியோ காலில் புது வீட்டைக் காட்டினாள். குளிர் நாட்டு வீடுகளில் ஹாலிலேயே சுவரோடு சேர்ந்து ஒரு கணப்படுப்பு இருக்கும். மேலே புகைபோக்கி, முன்னால் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு தட்டுப் பலகை. அந்தப் பலகைக்கு மேலேதான் 55 அங்குல டிவி. "பார்க்க அழகா இருக்கு அண்ணா, ஆனா ஒரு படம் முழுசா பார்த்து முடிக்கறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்குது" என்றாள். எனக்கு உடனே அம்மாவின் மோவாய் ஞாபகம் வந்தது. அங்கே அடுப்பு டிவியை மேலே தள்ளியிருக்கிறது. இங்கே அடுப்பு இல்லாமலே டிவி ஏறியிருக்கிறது. கழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் மேல் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலை உட்கார்ந்திருக்கிறது. தலையை நேராக வைத்திருக்கும்போது பிடரித் தசைகள் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும். அண்ணாந்தால் கழுத்தெலும்புகளின் பின்பக்க மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். பிடரித் தசைகள் சுருங்கியபடியே நிற்கும். தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் எலும்புகளுக்கு நடுவே உள்ள துவாரங்கள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. கழுத்து பின்னால் வளையும்போது அந்தத் துவாரங்களும் குறுகும். ஒரு நிமிடம் அண்ணாந்து தென்னையில் காய் இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் ஆகாது. தினமும் இரண்டு மணி நேரம், அதுவும் வயதாகி மூட்டு தேய்ந்த கழுத்து என்றால், வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மாவின் வாய் திறந்ததற்கும் காரணம் இதுதான். தலை பின்னால் சாயும்போது கழுத்தின் முன்பக்கத் தசைகள் இழுபட்டு, கீழ்த்தாடையையும் கீழே இழுக்கின்றன.

கண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தச் சிரமமும் இல்லாமல் சும்மா பார்க்கும்போது நம் பார்வை நேர்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் போகும். மேலே சுமார் 15 டிகிரி வரை கண்ணை மட்டும் உயர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் தலையும் கூடவே எழும்பும். மேலே பார்க்கும்போது இமை அகலத் திறப்பதால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலரும். திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பதும் குறையும். கழுத்துவலியோடு கண் எரிச்சலும் சேர்ந்து வருவது இதனால்தான்.

சரி, எவ்வளவு உயரம் அதிகம்? இதற்கு உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையில் நின்று பார்க்கும்போது யாருக்கும் கழுத்து வலிப்பதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி இருப்பதால் உச்சிவரை பார்த்தாலும் கோணம் 10 டிகிரி வராது. அதே சிலையைப் படகில் போய் பாதத்தில் நின்று பாருங்கள், தொப்பி கீழே விழும். சுசீந்திரத்து 18 அடி ஆஞ்சநேயரிடமும் இதைச் சோதிக்கலாம். இரண்டு மீட்டரில் நின்றால் முகத்தைப் பார்க்க 60 டிகிரிக்குப் பக்கத்தில் அண்ணாந்தாக வேண்டும். பத்து மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினால் 20 டிகிரிக்குப் பக்கம்தான்.

ஹாலில் பின்வாங்க இடமில்லை என்பதுதான் நம் பிரச்சினை. எங்கள் வீட்டில் டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து ஆறடி, அதாவது 183 செ.மீ. உட்காரும் இடத்துக்கும் டிவிக்கும் எட்டடி தூரம். டேப் வைத்து அளந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் என் கண் 110 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கோணம் 17 டிகிரி. அம்மா தரையில் உட்கார்ந்தால் அவள் கண் 72 செ.மீ.தான், கோணம் 24 டிகிரியைத் தாண்டுகிறது. திரையின் மேல் விளிம்புக்குக் கிட்டத்தட்ட 30. தங்கை வீட்டில் சோபாவும் மூன்று மீட்டர் தூரமும் இருப்பதால் நடுப்பகுதிக்கு 14, மேல் விளிம்புக்கு 20. அவளைவிட அம்மா பாடுதான் மோசம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏன் இப்படி மாட்டுகிறோம் என்று யோசித்தேன். வயரிங் செய்யும்போதே டிவி பாயிண்ட் உயரத்தில் வைக்கப்பட்டுவிடுகிறது. மாட்ட வருபவர், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மாமா எல்லோரும் நின்றுகொண்டே "இன்னும் கொஞ்சம் மேலே" என்று சொல்கிறார்கள். நிற்பவரின் கண் ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஆறடி சரியாகத்தான் படும். அப்புறம் பத்து வருடம் உட்கார்ந்து பார்ப்பது வேறு கண்.

நான் முதலில் செய்தது சாய்க்கும் பிராக்கெட் வாங்கியது. டிவி 15 டிகிரி கீழே குனிந்தது, படம் பளிச்சென்று ஆனது. ஆனால் தைலம் தேய்ப்பது நிற்கவில்லை. காரணம் எளிது. எல்.இ.டி. என்று விற்கிற டிவிகளில் பெரும்பாலானவை திரவப் படிகத் திரைகள். பின்னாலிருந்து வரும் ஒளியை மெல்லிய படிக அடுக்கு எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு தடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நேராக வரும் ஒளிக்கு ஏற்ப அது அமைக்கப்பட்டிருப்பதால், சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குக் கறுப்பு சாம்பலாகவும் நிறங்கள் வெளிறியும் தெரியும். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரையில் இந்தக் குறை மிகக் குறைவு. பிராக்கெட் சாய்ந்தபோது படிகம் என் பக்கம் திரும்பியது, ஆனால் திரை இருந்த உயரம் அப்படியே இருந்தது. படத்தைச் சரிசெய்ய டிவியைச் சாய்க்கலாம். கழுத்தைச் சரிசெய்ய டிவியை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைச் சாய்க்க வேண்டும். ஈசிச்சேரில் சாய்ந்து படுத்தால் உடம்பு முழுவதும் பின்னால் போவதால் கழுத்து தனியாக வளைய வேண்டியதில்லை. சுவரில் நேராகச் சாய்ந்து தரையில் உட்காருபவருக்கு அந்த வசதி கிடையாது.

தங்கையிடம் இன்னொன்றும் சொன்னேன். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தீ கீழே, ஷீட் மேலே. சூடான காற்று விரிந்து லேசாகி மேலே ஏறும் என்று அதற்காக யாரும் பாடம் படித்ததில்லை. கணப்படுப்பின் புகை குழாய்க்குள் போய்விட்டாலும், முன்பக்கச் சூடு சுவரோரமாக ஏறி டிவிக்குத்தான் போகும். பெரும்பாலான டிவிகளுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் மேல் எல்லை 40 டிகிரி செல்சியஸ். உள்ளே இருக்கும் சில மின்தேக்கிகளில் (கெப்பாசிட்டர்) ஈரப்பசை போன்ற ஒரு திரவம் உண்டு. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுக்காரர்கள் கையாளும் கணக்கு. அடுப்பை இரண்டு மணி நேரம் எரியவிட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு வெப்பமானியை ஒட்டி வைத்துப் பார் என்றேன். தட்டுப் பலகை நன்றாக வெளியே நீட்டியிருந்தால் சூட்டைக் கொஞ்சம் திருப்பிவிடும். டிவியைக் கையால் இழுத்து அடுப்புக்கு முன்னால் இறக்கும் பிராக்கெட்டும் அங்கே கிடைக்கிறது, ஆனால் அடுப்பு எரியும்போது இறக்கக் கூடாது. அவள் கடைசியில் டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டாள்.

நமக்குத் தீயை விட உப்புக் காற்று கவலை. உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீடுகளில் அந்தக் கரைசல் சாதாரண ஸ்குருவை அரித்துவிடும், அங்கெல்லாம் துருப்பிடிக்காத எஃகு ஸ்குருதான் போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஸ்குருவுக்காகச் சுவரில் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று விரியும் பிளக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் டிவியை இறக்கி மாட்ட முடிவு செய்தேன். இந்த முறை யாரையும் நிற்கவிடவில்லை. பழைய நாளிதழை டிவி அளவுக்கு ஒட்டி, அதைச் சுவரில் டேப்பால் ஒட்டினேன். அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்தாள். நான் நாளிதழை ஒவ்வொரு விரற்கடையாக இறக்கினேன். "போதும், இங்கன போதும் மக்களே" என்றாள். அளந்தேன், நடுப்பகுதி 95 செ.மீ. அம்மாவுக்கு ஐந்து டிகிரி மேலே, நாற்காலியில் இருக்கும் எனக்கு மூன்றரை டிகிரி கீழே. எலக்ட்ரீசியன் வந்து வயரைக் கீழே இழுத்துப் புது பாயிண்ட் வைத்தார். பழைய ஓட்டைகளைப் பூசிய இடம் இன்னும் நிறம் சேராமல் மேலே தெரிகிறது. அம்மா வாயை மூடிக்கொண்டு சீரியல் பார்க்கிறாள், விளம்பரத்துக்குக் காத்திராமல் உள்ளி உரிக்கிறாள்.